பிழையை அச்சடித்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலையகப் பிள்ளைகளும் மென்பொருள் எழுத வேண்டும் என்று உங்கள் கல்விப் பக்கத்தில் எழுதுகிறீர்கள், சந்தோஷம். ஆனால் இடையில் ஒரு வேலை தவறிப்போனால் செய்நிரல் என்ன செய்ய வேண்டும் என்பதை நம் ஐசிடி வகுப்புகளில், ஹட்டனில் நான் எடுக்கும் வகுப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

நானே பட்டிருக்கிறேன். கொழுந்து வாட்டும் இடத்தில் ஈரப்பதம் அளக்க ஒரு சின்ன போர்ட் வாங்கி, அதற்கு லினக்ஸ் கேர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) டைமர் டிரைவர், அதாவது போர்டில் நேரம் எண்ணும் கருவியை இயக்கும் நிரல், எழுதினேன். கரண்ட் கொடுத்தால் திரையில் ஒரு எழுத்து வராது. இரண்டு வாரம் போனது. கடைசியில், தொடக்கத்திலேயே கேர்னல் செய்திகளைக் காட்டும் இயர்லிகான் போட்டுப் பார்த்தால், டிலே லூப்பை (சிறு தாமதத்துக்காகச் சும்மா சுற்றும் நிரல்) அளக்கும் வரியோடு நின்றிருக்கிறது. ஜிஃபீஸ் என்ற நேரக் கணக்கு எண் எப்போது கூடும் என்று கேர்னல் அங்கே பார்த்துக்கொண்டே இருக்கும், அதைக் கூட்ட வேண்டியது டைமர் இன்டரப்ட் (டைமர் அனுப்பும் குறுக்கீட்டுச் சமிக்ஞை), அதுவோ வரவே இல்லை. சங்கு ஊதாத பெக்டரி மாதிரி.

தப்பு என்னுடையதுதான். போர்டில் என்னென்ன கருவிகள் என்று சொல்லும் டிவைஸ் ட்ரீயிலிருந்து இன்டரப்ட் எண்ணை எடுத்துத் தரும் பங்ஷன் தோற்றால் பூச்சியம் தரும், நான் மறை எண் வருகிறதா என்று பார்த்தேன். அந்தப் பூச்சியத்தை வைத்து இன்டரப்ட் கேட்டபோது கேர்னல் முடியாது என்றது. நான் ஒரு பிழை வரியை அச்சடித்துவிட்டு, எல்லாம் சரி என்று பூச்சியத்தைத் திருப்பி அனுப்பினேன். (ஓரிடத்தில் பூச்சியம் தோல்வி, இன்னோரிடத்தில் அதுவே வெற்றி. யாரைக் குறை சொல்ல?) ஒழுங்காகப் பிழை எண்ணைத் திருப்பியிருந்தால் எந்த டைமர் தவறியது என்று கேர்னலே எழுதியிருக்கும், பொருந்தும் டைமரே இல்லை என்றும் சொல்லியிருக்கும். 2016 இல் வந்த 4.8 பதிப்புக்கு முன்பு டைமர் டிரைவரின் தொடக்க பங்ஷன்கள் வெறும் வாய்ட், அதாவது எதையும் திருப்பித் தராதவை, பிழையைச் சொல்ல வழியே இல்லை. வழி இருந்தும் நான் சொல்லவில்லை.

அப்புறம், பாதியில் விட்டால் பிடித்ததையெல்லாம் விட வேண்டும். இன்டரப்ட் கிடைக்காவிட்டால் முதலில் டைமருக்குத் துடிப்பு தரும் கிளாக்கை நிறுத்தி, பிறகு டைமரைத் தொட மேப் செய்த முகவரியை விடுவிக்க வேண்டும், எடுத்த வரிசைக்கு நேர் எதிராக. கேர்னலில் இதை கோட்டூ (வேறொரு வரிக்குத் தாவும் கட்டளை) வைத்துத்தான் செய்கிறார்கள். கோட்டூ பக்கமே போகாதே என்று வருடக்கணக்காகச் சொன்னவன் நான்!

உயர்தரப் பரீட்சையில் இப்படி ஒரு கேள்வி வந்தால் பிள்ளைகளும் படிப்பார்கள், நாங்களும் படிப்போம். உங்கள் பக்கத்தில் இடம் தந்தால் என் பிழையான கோடையே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
கணினி ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.