தேதி கொடுப்பது பற்றித் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் சௌக்கியம். போன் பண்ணினால் ஒன்று நீ ஆட்டோவில் இருக்கிறாய், இல்லாவிட்டால் சவுண்ட் செக்கில் இருக்கிறாய். ரெண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். அவசரமில்லாத நேரத்தில் படி.

போன வாரம் மாமா வந்திருந்தார். பங்குனி முகூர்த்தத்துக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்த நீ, முதல் நாள் சாயங்காலம் வர முடியாது என்று சொல்லிவிட்டாயாம். "ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு நிக்கிறான்" என்று ரொம்ப வருத்தப்பட்டார். மறுநாள் உன் பேண்டுக்குக் கச்சேரி இருந்தது எனக்குத் தெரியும். மாமாவின் நாதஸ்வரச் செட்டு, சென்னையில் இன்னொரு கல்யாணச் செட்டு, பேண்டு, நடுவே ரெக்கார்டிங் என்று நாலு இடத்தில் தவில் வாசிக்கிறாய். அதில் எதையாவது விட்டுவிடு என்று நான் சொல்லப்போவதில்லை.

பல இடத்தில் வாசிப்பது நம் தொழிலுக்குப் புதிதா என்ன? ஸ்பெஷல் தவில் என்றாலே, செட்டுக்கு வெளியிலிருந்து தனியாகக் கூப்பிட்டு வாசிக்க வைப்பதுதானே. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, நாதஸ்வரம் ராஜரத்தினம் பிள்ளைக்கு ஸ்பெஷல் தவில் வாசித்ததை உன் தாத்தா சொல்லிச் சொல்லி நமக்கெல்லாம் மனப்பாடம். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி கடல் தாண்டி வந்து இங்கே எத்தனை நாயனத்துக்கு வாசித்தார். 1975இல் அவர் காலமானபோது வயது நாற்பத்திரண்டுகூட நிறையவில்லை. அதற்குள் ஒரு ஆயுளுக்கான வாசிப்பை வாசித்துவிட்டார். அப்புறம் வலையப்பட்டி சுப்பிரமணியம், குன்னக்குடி வைத்தியநாதனின் வயலினோடு உட்கார்ந்து தவிலைச் சபா மேடையில் வேறு விதமாகக் கேட்க வைத்தார். ஆகவே கிடாரோடு நீ வாசிப்பதைப் பார்த்து மாமா முகம் சுளித்தால், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. எனக்கு அதில் பெருமைதான். கஷ்டமாக இருப்பது, முதல் நாள் சாயங்காலம் சொன்னாய் பார், அதுதான்.

மாமாவுக்கு அன்றைக்கு வேறு தவில் கிடைத்துவிட்டது. கிடைக்காமல் போகாது. நலங்கு, மாலை மாற்று, ஊஞ்சல், தாலி கட்டும்போது கெட்டிமேளம், எல்லாம் நம் ஜில்லாவில் தவில் பிடித்த யாருக்கும் தெரிந்ததுதான். புது ஆள் வந்தாலும் நாயனக்காரர் கண்ணைப் பார்த்து, ஐயர் கை காட்டுவதைப் பார்த்து வாசித்துவிடலாம். ஒத்திகை வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக எல்லோரும் ஒரே பாடத்தைப் படித்து வந்திருப்பதால் ஒருவர் இடத்தில் இன்னொருவர் உட்கார முடிகிறது. ஒருத்தனுக்குக் காய்ச்சல் என்றால் கல்யாணம் நிற்காது.

உன் பேண்டில் அப்படி இல்லை. போன தடவை வீட்டுக்கு வந்தபோது அந்தப் பாட்டை எனக்குப் போட்டுக் காட்டினாயே. ஏழு எண்ணிக்கையில் போய்க்கொண்டிருக்கும்போது கிடார் சட்டென்று நிற்கிறது, டிரம்ஸ்காரர் தட்டை மட்டும் லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கிறார், நீ ரெண்டு ஆவர்த்தனம் தனியாக வாசித்து, முத்தாய்ப்பாகக் கோர்வை வைக்கிறாய், கோர்வை முடியும் இடத்தில் பேஸ் கிடார் வந்து சேர்கிறது. அதை எந்தப் பள்ளியிலும் சொல்லித் தரவில்லை. நீங்கள் ஐந்து பேரும் ஒரு ரூமில் உட்கார்ந்து உண்டாக்கியது. அங்கே நீ இல்லையென்றால் வலையப்பட்டியே வந்தாலும் அன்றைக்கு வாசிக்க முடியாது. ஆகவே இன்னும் யாருக்கும் வாக்குக் கொடுக்காத ஒரு நாளில் முகூர்த்தமும் பேண்டு கச்சேரியும் மோதினால், பேண்டுக்குப் போ என்றுதான் நான் சொல்வேன். ஒரு தவில்காரன் இப்படிச் சொல்வது மாமாவுக்குப் பிடிக்காது. ஆனால் எங்கே உனக்கு மாற்று ஆள் கிடைப்பான், எங்கே கிடைக்க மாட்டான் என்பதைப் பார்த்துத்தான் நாளைக் கொடுக்க வேண்டும். மாற்று ஆள் தேட வேண்டிய இடத்தில், தேடுவதற்கு நாள் கொடு. ஒரு மாதம் முன்னாடி சொல்லியிருந்தால் மாமா நல்ல ஆளாகப் பார்த்துப் போட்டிருப்பார். முதல் நாள் சொன்னால் யார் சும்மா இருக்கிறானோ அவன்தான் வருவான். அவனோடு ஜோடித் தவில் வாசிப்பவன் ராத்திரி முழுக்க அவனையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். கல்யாண வீட்டாருக்கு இது தெரியாது. வாசித்தவனுக்குத் தெரியும்.

இதில் கோயிலைச் சேர்க்காதே. மாசி மகத்துக்குச் சாமி புறப்படும்போது அலாரிப்பும் மல்லாரியும் வாசிக்க நீ வந்தாக வேண்டும். மாமா கம்பீரநாட்டையில் மல்லாரியை ஆரம்பித்து மூணு காலமும் போகும்போது அவர் எங்கே மூச்சு எடுப்பார், எங்கே எடுக்கமாட்டார் என்று உனக்கும் இடது பக்கம் ஜோடித் தவில் வாசிக்கிறவனுக்கும்தான் தெரியும். அங்கேயும் மாற்று ஆள் இல்லை. போதாததற்கு அது சாமி காரியம். 2028இல் மகாமகம் வருகிறது. இப்போதே பேண்டு பிள்ளைகளிடம் சொல்லி வை, அந்தச் சமயத்தில் உன் பெயரை எதிலும் போட வேண்டாம் என்று.

ரெக்கார்டிங் விஷயம் சுலபம். ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டு நாளைக் காலையில் வா என்பார்கள். காசும் நல்ல காசு. நாள் காலியாக இருந்தால் போ. இல்லாவிட்டால் அப்போதே இல்லை என்று சொல். பத்து நிமிஷத்தில் அவர்கள் வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள், உன்மேல் கோபம் வராது. "பார்க்கிறேன் சார்" என்று தொங்கவிட்டால்தான் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள்.

"பார்க்கலாம்" என்கிற பேச்சையே விட்டுவிடு தம்பி. உனக்கு இளகின மனசு, யாரிடமும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வராது. சின்ன வயதிலேயே அப்படித்தான். ஆனால் நீ பார்க்கலாம் என்றால் பேண்டில் அதை வருகிறேன் என்று எடுத்துக்கொள்கிறார்கள், மாமாவும் வருகிறேன் என்றே எடுத்துக்கொள்கிறார். ரெண்டு பேரும் உன்னை நம்பி அட்வான்ஸ் வாங்கிவிடுகிறார்கள்.

யாருக்கு முதலில் வாக்குக் கொடுத்தாயோ அவர்களுக்குத்தான் அந்த நாள். ஒரு சின்ன மண்டபத்தில் வாசிப்பதாக ஒத்துக்கொண்ட பிறகு அதே நாளில் சிங்கப்பூருக்குக் கூப்பிட்டாலும் மண்டபத்துக்குத்தான் போக வேண்டும். உன்னைக் கூப்பிட்டவரே மனதார விட்டுக் கொடுத்து, அவருக்குப் பிடித்த ஆளை நீயே ஏற்பாடு செய்தால் மட்டும் அது வேறு. இதில் நான் இறங்கி வரமாட்டேன். உன் தாத்தா அச்சார வெற்றிலை வாங்கிவிட்டால் அதற்கப்புறம் ஜமீன் கூப்பிட்டாலும் போனதில்லை.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். புதுப் பஞ்சாங்கம் வாங்கி, வருஷம் முழுக்க முகூர்த்த நாள் எல்லாவற்றையும் காலண்டரில் குறித்துக்கொள். குறித்ததைப் பேண்டில் கச்சேரி பேசுகிற பிள்ளைக்கு அனுப்பு. அவர்களுக்கு வெள்ளி சனி ஞாயிறுதான் கணக்கு. வளர்பிறை முகூர்த்தம் எந்த ஞாயிறில் விழுகிறது என்று அவர்கள் எப்படி அறிவார்கள்? நீ சொன்னால்தான் தெரியும். அதே மாதிரி பேண்டு ஒத்திகை நாளையும் குறி. அதை நீ கச்சேரிக் கணக்கில் சேர்ப்பதில்லை, அங்கேதான் முட்டுகிறது. கல்யாணம் என்றால் ஒரு நாள் இல்லை, ரெண்டு நாள். முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, மறுநாள் காலையில் முகூர்த்தம். நம் ஊர்ப் பக்கம் என்றால் முடித்துவிட்டு ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸில் ஏறி விடிகாலையில் எழும்பூரில் இறங்குவாய். அன்றைக்கு மத்தியானம் ரெக்கார்டிங் வைத்துக்கொண்டால் எந்த விரலில் ஜீவன் இருக்கும்? இறங்கின நாளில் எதையும் எழுதாதே.

ஆடியில் கல்யாணம் இல்லை. அம்மன் கோயில் வாசிப்பு போக மீதி நாளைப் பேண்டுக்குக் கொடு. வெளியூர்ப் பயணம், புதுப் பாட்டு எல்லாம் அப்போது வைத்துக்கொள்ளச் சொல். மார்கழியிலும் முகூர்த்தம் இல்லைதான். ஆனால் அப்போது சபாக்களில் மங்கள இசைக்குக் கூப்பிடுவார்கள், விடிகாலையில் கோயில் இருக்கிறது. அந்த மாதத்தைக் காலி என்று நினைத்து ஏமாறாதே.

இன்னொன்று. ஆவணியில் நீ சென்னைச் செட்டோடு வாசித்த கல்யாண வீடியோவை யாரோ அனுப்பினார்கள். உட்கார்ந்து ரெண்டு தடவை கேட்டேன். கை நன்றாக இருக்கிறது, வலந்தலையில் சொல் ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுகிறது. ஆனால் நாயனக்காரர் கீர்த்தனையின் சரணத்தில் ஒரு சங்கதியைச் சுகமாக இழுத்துக்கொண்டு வந்தார். நீ கூடவே போகவில்லை. கணக்குப்படி எங்கே விழ வேண்டுமோ அங்கே டக்கென்று போட்டுவிட்டாய். அவர் திரும்பி உன்னைப் பார்த்தார், கவனித்தாயா? பேண்டில் காதுக்குள் தாளத்தை எண்ணிக் காட்டுகிற கிளிக் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அது யாருக்காகவும் மூச்சு விடாது. ஒரு மாதம் அதோடு வாசித்தால் கை அதற்குப் பழகிவிடும். அதில் தப்பில்லை, அங்கே அதுதான் வேண்டும். ஆனால் அங்கிருந்து நேரே நாயனத்துக்குப் போகாதே. போவதற்கு முதல் நாள் அரை மணி நேரம் நல்ல நாயனம் எதையாவது போட்டுக் கேள். தவிலைத் தொட வேண்டாம், கையால் தாளம் மட்டும் போடு. ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டால் போதும், காலப்பிரமாணம் தானாக இளகும். நாலு இடத்துக்கு உடம்பைக் கொண்டுபோவது ரயில்காரன் வேலை. காதைக் கொண்டுபோவது நீ செய்ய வேண்டியது.

பேண்டில் நீங்கள் சேர்ந்து போட்ட கோர்வையைக் கல்யாணத்தில் தனி ஆவர்த்தனத்தில் வாசிக்காதே. அது உன் ஒருவன் சொத்து இல்லை, அந்தக் கிடார் பிள்ளைக்கும் அதில் பங்கு உண்டு. இந்தச் செட்டில் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று அந்தச் செட்டில் பேசாதே. யார் யாரைத் திட்டினார் என்பதும் அப்படித்தான். நாலு வீட்டில் சாப்பிடுகிறவனுக்கு வாய் இறுக்கமாக இருக்க வேண்டும்.

வருமானத்தைப் பற்றி அம்மா கவலைப்படுகிறாள். பேண்டில் செலவு போக மிச்சம் ஒன்றும் நிற்கவில்லை என்று நீ சொன்னாயாம். வீட்டு வாடகை கல்யாணத்தில்தான் வருகிறது என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் முகூர்த்தங்களில் பாதிக்கு மேல் பேண்டு தொடக்கூடாது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள் என்கிறேன். காசைப் பற்றிப் பேசினால் நட்பு கெட்டுவிடும் என்று பயப்படாதே. பேசாமல் மனசில் வைத்துக்கொண்டால்தான் கெடும்.

மாமாவிடம் நான் உனக்காகப் பேச மாட்டேன். நீயே பேசு. போனில் வேண்டாம், அடுத்த முறை வரும்போது நேரே போய் உட்கார்ந்து, வருஷத் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு பேசு. அவருக்கு வேண்டியது நீ எல்லா நாளும் வருவது இல்லை, எந்த நாள் வருவாய் என்று தெரிவது. பேண்டு வாசிப்பை அவருக்கும் ஒரு தடவை போட்டுக் காட்டு. அந்த ஏழு எண்ணிக்கை கோர்வையைக் கேட்டால் தொடையில் தாளம் போடாமல் இருக்கமாட்டார், எனக்கு அவரைத் தெரியும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி உழவனில் பக்கத்து வீட்டுப் பையன் வருகிறான். அவனிடம் விரல் கூடு ரெண்டு ஜோடி கொடுத்தனுப்புகிறேன். துணியை மைதாப் பசையில் நனைத்து இறுக்கிச் சுற்றி, நாலு நாள் நல்ல வெயிலில் காயவைத்தது. உன் சுண்டுவிரல் போன தடவை பார்த்ததைவிட இளைத்திருக்குமோ என்று அம்மா கேட்டாள், அதனால் அதை மட்டும் ஒரு சுற்று கூடுதலாகப் போட்டிருக்கிறேன். இறுகினால் உள்ளே லேசாகத் தேய்த்துக்கொள். ஒரு ஜோடியைப் பேண்டுப் பையிலும் ஒரு ஜோடியைச் செட்டுப் பையிலும் வை, தவிலை முறுக்குகிற ஸ்பேனரும் அப்படியே. பையில் அம்மா வைத்திருக்கும் பருப்புப் பொடியை ரூமில் வைத்துச் சாப்பிடு, எல்லாருக்கும் கொடுத்துத் தீர்த்துவிடாதே.

தேதிகளைக் குறித்து முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. சுவரில் ஒட்டிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா