ரோமில் இறங்கினால் கப்பல் பக்கத்தில் இல்லை

மதுரை

அன்புள்ள முத்து,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று நீ எழுதியிருந்ததை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். மூட்டுவலிக்கு அந்த டாக்டரையே விடாமல் பார். இப்போது மாடிப்படி ஏற முடிகிறது என்றால் மருந்து வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம். இங்கே அம்மாவுக்கு 87 வயது ஆகிறது. காது கொஞ்சம் மந்தம், மற்றபடி பேப்பரைத் தானே படிக்கிறார், தன் காப்பியைத் தானே ஆற்றிக்கொள்கிறார். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சாயங்காலங்களில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஓய்வு பெற்றபின் மனசுக்குப் பிடித்த வேலை அது ஒன்றுதான்.

உங்கள் அறுபதாம் கல்யாணத்துக்கு மகன் மத்தியதரைக் கடலில் கப்பல் பயணம் ஏற்பாடு செய்திருக்கிறான் என்று கேட்டு எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் அதே கடிதத்தில், "பகல் ஒரு மணிக்கு ரோமில் இறங்குகிறோம், ஐந்து மணிக்குக் கப்பல், நாலு மணி நேரம் தாராளமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். தாராளம் இல்லை முத்து. எப்படியாவது விமான டிக்கெட்டை மாற்றி, ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேர். மற்றதெல்லாம் பிறகு, இதை மட்டும் தள்ளிப்போடாதே.

ஏஜென்ட் கொடுத்த தாளில் கப்பல் புறப்படும் இடம் 'ரோம்' என்று போட்டிருக்கும். பல கப்பல் கம்பெனிகள் அப்படித்தான் போடுகின்றன. உண்மையில் ரோம் கடற்கரையில் இல்லை. கப்பல் நிற்கும் ஊர் சிவிட்டாவெக்கியா, ரோமுக்கு வடமேற்கே எழுபது கிலோமீட்டருக்கு மேல். நீங்கள் இறங்கும் ஃபியூமிச்சினோ விமான நிலையம் ரோமுக்குத் தென்மேற்கே, கடலை ஒட்டி இருக்கிறது. ஊருக்குள் நுழையாமல் ஏ-12 நெடுஞ்சாலையில் கரையோரமாகவே வடக்கே போனால் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ரயிலில் போவதென்றால் முதலில் ரோம் பக்கம் உள்ளே வந்து, அங்கே வண்டி மாறி, மறுபடியும் கடலை நோக்கிப் போக வேண்டும்.

உன் நாலு மணி நேரத்தைக் கணக்குப் பண்ணிப் பார். ஒரு மணிக்கு விமானம் தரையைத் தொட்டால், வெளியே வந்து நிற்க இரண்டேகால் ஆகும், அதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால். 2025 அக்டோபரிலிருந்து ஐரோப்பாவில் புது நடைமுறை வந்திருக்கிறது. நம்மைப் போல வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதிவு செய்கிறார்கள். வரிசை எவ்வளவு நீளும் என்பது அன்றன்றைக்குத்தான் தெரியும். அப்புறம் பெட்டி வர வேண்டும். டாக்ஸி பிடித்துத் துறைமுகத்துக்குப் போனால் மூன்றரை. கப்பல் ஐந்து மணிக்கு என்றால் ஐந்து மணி வரை ஏறலாம் என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலான கம்பெனிகள் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் முன்பே ஏறுவதை நிறுத்திவிடும். அதாவது மூன்றரைக்கே கதவு மூடலாம். சென்னையிலிருந்து ரோமுக்கு நேர் விமானம் கிடையாது, வளைகுடாவில் மாறித்தான் வருகிறீர்கள். அந்த முதல் விமானம் ஒரு மணி நேரம் தாமதித்தாலே உன் கணக்கு முழுவதும் குலைந்துவிடும். கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது. விமான டிக்கெட்டையும் கப்பல் கம்பெனி வழியாகவே வாங்கியிருந்தால் அவர்களுக்குக் கொஞ்சம் பொறுப்பு உண்டு. தனியாக வாங்கியவர்கள் அடுத்த துறைமுகத்துக்குத் தங்கள் செலவில் ஓட வேண்டியதுதான்.

உன் திட்டத்தை அம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்ட கேள்வியை உனக்குச் சொல்ல வேண்டும். "ஏன், ரயில் கப்பல் பக்கத்திலேயே போய் நிற்காதா?" என்றார். எங்கள் தாத்தா கொழும்பில் கடை வைத்திருந்தது உனக்குத் தெரியுமே. சின்ன வயதில் அம்மா போட் மெயில் என்ற ரயிலில் தனுஷ்கோடி வரை போய், படகுத்துறையில் இறங்கி, எதிரே நின்ற ஸ்டீமரில் ஏறித் தலைமன்னார் போயிருக்கிறார். அங்கே கொழும்பு ரயில் காத்திருக்குமாம். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போகும்வரை அந்த ஏற்பாடு இருந்தது. எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட் கொழும்பு வரைக்கும் செல்லும். ரயில் தாமதமானால் ஸ்டீமர்க்காரனுக்குத் தெரியும், ஏனென்றால் அவனுடைய பயணிகள் எல்லாரும் அந்த ரயிலில்தான் வருகிறார்கள்.

அம்மா கேட்டது எனக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இன்றைக்கு விமானத்துக்குக் கப்பலைப் பற்றித் தெரியாது, கப்பலுக்கு விமானத்தைப் பற்றித் தெரியாது. இரண்டையும் சேர்த்துக் கட்டும் வேலையைப் பயணியின் தலையில் வைத்துவிட்டார்கள். அறுபது வயதுக்காரர்கள் முதல்முறையாக ஒரு நாட்டில் இறங்கி, தூக்கம் கெட்டுப்போய் நிற்கும் நேரத்தில் அதைச் செய்ய வேண்டும். இது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நிலைமை இதுதான் என்பதால் நாம்தான் நடுவில் ஒரு ராத்திரியை வைத்துக்கொள்ள வேண்டும்.

நானும் சாந்தாவும் போன வருஷம் போனபோது ரயிலில்தான் போனோம். அந்த வழியை எழுதுகிறேன், நீயே முடிவு செய். விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து இரண்டு விதமான வண்டி புறப்படும். ஒன்று லியோனார்டோ எக்ஸ்பிரஸ், எங்கும் நிற்காமல் 32 நிமிடத்தில் ரோமின் பெரிய நிலையமான தெர்மினிக்குப் போகும், 14 யூரோ. எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். தெர்மினியில் சிவிட்டாவெக்கியா வண்டிகள் பெரும்பாலும் 25க்கு மேற்பட்ட நடைமேடைகளில் நிற்கும். அங்கே போய்ச் சேரப் பெட்டியை இழுத்துக்கொண்டு பத்து நிமிடம் நடக்க வேண்டும், கூட்டத்தில் பிக்பாக்கெட் பயம் வேறு. இன்னொன்று எஃப்எல்-1 என்ற சாதாரண வண்டி, 8 யூரோ. அதில் ஏறி அரை மணி நேரத்தில் திராஸ்தேவெரே நிலையத்தில் இறங்கி, அங்கேயே எஃப்எல்-5 வண்டி பிடித்தால் நேரே சிவிட்டாவெக்கியா. அந்த இரண்டாவது டிக்கெட் ஐந்து யூரோ அளவில்தான். நகரத்தின் நடுவுக்கே போகத் தேவையில்லை. கடைசிப் பகுதியில் சான்டா மரினெல்லா என்ற ஊர்ப் பக்கம் வரும்போது இடது கைப்பக்கம் கடல் தெரியும்.

காகித டிக்கெட் வாங்கினால் வண்டி ஏறுமுன் நடைமேடையில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் செருகி முத்திரை போட வேண்டும். போனில் வாங்கினால் ஏறுமுன் செக்-இன் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் உட்கார்ந்தால், கையில் டிக்கெட் இருந்தும் அபராதம் கட்டச் சொல்வார்கள். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி நடக்கும், முன்கூட்டியே அறிவிப்பார்கள். வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் சில உள்ளூர் ரயில்களை எப்படியும் ஓட்டுவார்கள். போகும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல் மகனிடம்.

இவ்வளவும் எழுதினேன், ஆனால் உன் மூட்டுக்கும் தங்கச்சியின் முதுகுக்கும் நான் ரயிலைச் சொல்லமாட்டேன். நடைமேடை மாறுவதும், வண்டிக்குள் பெட்டியைத் தூக்கி ஏற்றுவதும் உங்களுக்கு வேண்டாம். சிவிட்டாவெக்கியாவில் தங்கும் ஹோட்டல் மூலமாகவே ஒரு கார் சொல்லிவையுங்கள். பெயர் எழுதிய அட்டையோடு டிரைவர் வாசலில் நிற்பார். நூறு யூரோவைத் தாண்டும், உண்மைதான். மகன் கப்பலுக்குக் கொடுத்த பணத்தோடு ஒப்பிட்டால் அது பெரிசில்லை.

ராத்திரி தங்குவதை ரோமில் வைத்துக்கொள்ளலாமே என்று தங்கச்சி கேட்கலாம். வேண்டாம். ரோமில் தங்கினால் மறுநாள் காலை அதே எழுபது கிலோமீட்டர் பாக்கி இருக்கும். ரோமைத் திரும்பும்போது பாருங்கள், இரண்டு நாள் கூடுதலாக ஒதுக்கி நிதானமாகப் பாருங்கள்.

சிவிட்டாவெக்கியாவை வெறும் துறைமுகம் என்று நினைத்து எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். இப்போது ஆண்டுக்கு 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கப்பல் பயணிகள் வந்துபோகும் ஊர் அது. அந்தத் துறைமுகத்தைக் கட்டியவர் டிராஜன் என்ற ரோமானியப் பேரரசர், இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். கட்டும்போதே பக்கத்தில் இருந்து பார்த்த பிளினி என்பவர் தன் நண்பருக்கு எழுதிய கடிதம் இன்றைக்கும் இருக்கிறது. அகலமான கப்பல்களில் பெரும் பாறைகளைக் கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கடலில் போடுகிறார்கள், தங்கள் கனத்தாலேயே அவை அசையாமல் நிற்கின்றன, வாசலில் ஒரு தீவு எழும்புகிறது என்று எழுதியிருக்கிறார். துறைமுக வாயில் பக்கத்தில் மைக்கலாஞ்சலோ பெயரில் ஒரு கோட்டை, 1508இல் பிரமாந்தே என்ற கட்டடக் கலைஞர் தொடங்கியது. சாயங்காலம் அதைச் சுற்றி நடந்துவிட்டுக் கடலோரத்தில் உட்காரலாம். முடிந்தால் ஜப்பானிய மறைசாட்சிகள் தேவாலயத்துக்கும் போங்கள். 1615இல் ஹசெகுரா என்ற ஜப்பானியத் தூதர் போப்பாண்டவரைப் பார்க்க இந்த ஊரில்தான் வந்து இறங்கினார். அந்தத் தேவாலயத்துச் சுவரில் மாதா கிமோனோ கட்டிக்கொண்டு நிற்கிறார். நம்மூர் வேளாங்கண்ணி மாதா புடவையில் இருப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது உடனே மனசில் ஒட்டிக்கொள்ளும்.

மறுநாள் காலை ஹோட்டலில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். துறைமுகம் பெரியது, கப்பல் வரைக்கும் நடந்து போக விடமாட்டார்கள். லார்கோ தெல்லா பாச்சே என்ற இடத்துக்குப் போனால் அங்கிருந்து கப்பலுக்கு இலவச பஸ் ஓடுகிறது. ரயில் நிலையத்திலிருந்தும் அந்த இடத்துக்கு பஸ் உண்டு, அதற்கு மட்டும் டிக்கெட் வாங்க வேண்டும். கப்பல் முனையத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள், அவை அறை வாசலுக்கு வர மாலைகூட ஆகலாம். அதனால் மாத்திரைகள், பாஸ்போர்ட், ஒரு மாற்றுத்துணி மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். விமானத்திலும் அப்படியே. பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் நீங்கள் ஊரில்தான் இருப்பீர்கள் என்பது முன்னதாகப் போவதில் இன்னொரு லாபம்.

விசாவையும் பார்த்துக்கொள். உங்கள் கப்பல் துருக்கியில் ஒரு நாள் நிற்கும் என்று எழுதியிருக்கிறாய். அது ஷெங்கன் எல்லைக்கு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்துக்கு, வெளியே. திரும்ப உள்ளே வர வேண்டுமானால் ஷெங்கன் விசா பலமுறை நுழையும் வகையாக இருக்க வேண்டும். துருக்கியில் இறங்க என்ன வேண்டும் என்பதைத் தனியாக ஏஜென்டிடம் எழுத்தில் கேட்டு வாங்கு.

திரும்பும் விமானம் மூன்று மணிக்கு மேல் என்றாயே, அது சரியான நேரம். ரோமுக்கு நாள் ஒதுக்கினால் தேதி மட்டும் மாறும். கப்பலை விட்டு இறங்கும் அன்றைக்கே பறப்பதாக இருந்தால் பகல் ஒரு மணிக்கு முன்னால் எந்த விமானத்தையும் எடுக்காதே. ஆயிரக்கணக்கான பேர் ஒரே காலையில் இறங்குவார்கள், அந்த ஊர் ரயில் நிலையத்தில் பெட்டிகளுக்கு நடுவே கால் வைக்க இடம் இருக்காது.

டிக்கெட் மாற்றக் கூடுதல் கட்டணம் எவ்வளவு கேட்கிறார்கள் என்று விசாரித்து இந்த வாரமே எனக்கு எழுது. படி ஏறத் தேவையில்லாத, கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள ஹோட்டல்களை நான் பார்த்து வைக்கிறேன். அம்மா உங்கள் இருவரையும் விசாரித்தார். பேத்தியின் போட்டோ ஒன்று அடுத்த கடிதத்தில் வை.

அன்புடன்,
ராமநாதன்