வியாழக்கிழமைக்கு முன் மகளுக்கு

வெள்ளவத்தை
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ இங்கிலாந்திலிருந்து போனில், புதிதாய்ப் பிறந்த உன் பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வந்துபோன ஹெல்த் விசிட்டரைப் பற்றி, "அம்மா, அந்த மனுஷி வியாழக்கிழமை திரும்ப வந்தா நான் கதவு திறக்க மாட்டன். லைட்டை நூத்துப்போட்டு உள்ளுக்க இருப்பன்" என்று சொன்னாய். நான் "சரி, சரி, அழாதே, முதல்ல சாப்பிடு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் எனக்கு இரவு முழுக்க நித்திரை இல்லை. லைட்டை நூத்துவிட்டு உள்ளே இருப்பது நீயாகக் கண்டுபிடித்த வேலை இல்லை, பிள்ளை. அதை உனக்குப் பழக்கியவள் நான். போனில் உன் அழுகையைக் கேட்டுக்கொண்டு இதையெல்லாம் சொல்ல வராது. அதனால் எழுதுகிறேன், பிள்ளை தூங்கும் நேரத்தில் வாசி.

நீ பிறந்தது 1996 மார்ச். ஜனவரி 31ஆம் திகதி கொழும்பு கோட்டையில் மத்திய வங்கியில் குண்டு வெடித்து இரண்டு மாதம் முடியவில்லை. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு அனெக்ஸில் இருந்தோம். ஓர் அறை, ஒரு குசினி, வீட்டுக்காரருடன் பொதுவான கேற். அந்த நாட்களில் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிய வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெளிநாடு போகக் காத்திருந்த உன் சின்ன மாமா எங்களோடு இருந்தான். அவனுடைய பதிவு மட்டும் இழுபட்டுக்கொண்டே போனது. கேற்றில் சத்தம் கேட்டால் அவன் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வான். அப்பம்மா கையில் செபமாலை மாதிரி எல்லாருடைய அடையாள அட்டைகளையும் பிடித்துக்கொண்டு நிற்பார்.

இந்த நிலைமையில்தான், உனக்கு எட்டாம் நாள், கையில் குடையும் பெரிய பதிவுப் புத்தகமுமாக ஒரு சிங்களப் பெண் கேற்றில் வந்து நின்றார். அவர் குடும்பநல மாது. எல்லாரும் மிட்வைஃப் மிஸ் என்றுதான் சொல்வார்கள். பிள்ளை பிறந்த வீட்டுக்கு முதல் பத்து நாளுக்குள் வந்து பார்ப்பது அவருடைய கடமை. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து வளர்ந்து வந்த ஏற்பாடு அது. எனக்கு அதெல்லாம் அப்போது எங்கே தெரியும்? நான் கண்டது புத்தகத்தை மட்டும்தான். உன்னைத் தூக்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன். அப்பம்மா கேற்றுக்குப் போய் "பேபி இல்லை, ஊருக்குப் போய்விட்டது" என்றார். எட்டு நாள் பிள்ளை எந்தப் பிரயாணப் பாஸில் எந்த ஊருக்குப் போகும்? அவர் ஒன்றும் சொல்லாமல் போனார். இரண்டு நாள் கழித்து வந்தார், அப்போதும் அதே பதில்.

மூன்றாம் தடவை அவர் பெல்லை அடிக்கவில்லை. கேற்றுக்கு வெளியே நின்று உடைந்த தமிழில் "பேபி அம்மா, பயம் வேணாம்" என்று மெல்லக் கூப்பிட்டார். நீ உள்ளே சிணுங்கியது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். நான்தான் போய்த் திறந்தேன். உள்ளே வந்ததும் குழாயடிக்குப் போய்க் கைகழுவி, எங்கள் துவாயை வாங்காமல் தன் கைலேஞ்சியில் துடைத்துக்கொண்டார். கதிரையில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்து வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். நான் அப்பம்மாவைப் பார்த்தேன், அப்பம்மா கழிவறைக் கதவைப் பார்த்தார். மிஸ் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "மேக்க பொலிஸியட்ட நெமெய், துவ" என்றார். இது பொலிசுக்கு இல்லை, மகளே. அந்த 'துவ' என்ற சொல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் உன்னை நிறுத்தார். கதவு நிலையில் இருந்த ஆணியில் வட்டத் தராசைக் கொழுவி, துணிப் பைக்குள் உன் கால்களை விட்டுத் தொங்கவிட்டார். முள் ஆடி ஆடி நின்றது. பிறந்தபோது 2.9 கிலோ இருந்த நீ பன்னிரண்டாம் நாள் 2.55 கிலோ. பிறந்த பிள்ளை முதல் சில நாளில் கொஞ்சம் குறைவதும் பிறகு ஏறுவதும் வழமை, ஆனால் உனக்கு ஏறவே இல்லை. நாங்களோ நீ அழாமல் எந்நேரமும் தூங்குகிறாய், எவ்வளவு நல்ல பிள்ளை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். பசியில் களைத்துத் தூங்கியிருக்கிறாய். அவர் உன் வயிறு என் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பி, உன் நாடியை ஒரு விரலால் மெல்லக் கீழே அழுத்தி, வாய் நன்றாகத் திறந்ததும் உன்னை என் பக்கம் இழுத்தார். முதல் தடவையாக நீ விழுங்குகிற சத்தம் கேட்டது. அடுத்த கிழமை 2.75.

இதை உனக்கு முன்பும் சொல்லியிருக்கிறேன். சொல்லாததும் ஒன்று உண்டு. அந்த மிஸ் என் மார்பைக் கேட்காமல் பிடித்து அழுத்தினார். அடுத்த பிள்ளைக்கு இடைவெளி விட என்ன செய்யப் போகிறாய் என்று மாமியாரை வைத்துக்கொண்டே கேட்டார், அதுவும் ஜன்னலடியில் வீட்டுக்கார அம்மா நிற்கும்போது. எனக்கு உடம்பு கூசியது. அவர் என் பிள்ளைக்கு உதவியவர், அதற்கு இன்றும் கையெடுத்துக் கும்பிடுவேன். அதற்காகக் கேட்காமல் தொட்டது சரியாகிவிடாது. இரண்டும் உண்மை. உனக்கும் இப்போது உன் வீட்டுக்கு வந்த அந்தப் பெண்ணைப் பற்றி இரண்டு விதமாகவும் தோன்றினால் குழம்பாதே.

நீ எட்டு மாதமாக இருந்தபோது அவருக்குப் பதிலாக இன்னொருவர் வந்தார். செருப்போடு குசினிக்குள் போய்ப் பானை மூடியைத் திறந்து பார்த்தார். உன் நெற்றிப் பொட்டைத் தன் விரலால் அழித்தார். பக்கத்தில் நின்றவரிடம் சிங்களத்தில் "இவர்கள் இங்கே வந்து பிள்ளை பெறுவதுதான் வேலை" என்றார், எனக்கு விளங்காது என்ற நினைப்பில். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றிரவு சோறு இறங்கவில்லை. அப்பா "விடு, பேர் பதிஞ்சு வைச்சிருக்கிற ஆக்களோட ஏன் சண்டை" என்றார். மற்ற நாள் நான் ஒரு சீ.ஆர். கொப்பியில் ஒற்றையைக் கிழித்து, நடந்ததை நடந்தபடி, கோபச் சொல் ஒன்றும் இல்லாமல் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டு அவர்களுடைய பணிமனையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். தமிழும் அரச கரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் சேர்த்துவிட்டார்களே, ஏன் நான் தெரியாத மொழியில் தடுமாற வேண்டும்? பதில் கடிதம் வரவில்லை. ஆனால் அடுத்த மாதம் வேறொருவர் வந்தார், கேற்றடியில் செருப்பைக் கழற்றினார்.

அன்றிலிருந்து யார் வந்தாலும் அந்தக் கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு முதலில் பெயரைக் கேட்டு எழுதுவேன், திகதி போடுவேன். அவர்கள் தங்கள் புத்தகத்தில் என்ன எழுதினார்கள் என்று வாசிக்கச் சொல்லிக் கேட்பேன். நான் எழுதத் தொடங்கியதும் அவர்களுடைய குரலே மாறும், மகள்.

இதெல்லாம் எனக்கு வந்தும் உனக்கு ஏன் வரவில்லை என்றுதான் நேற்றிரவு யோசித்தேன். 2007 ஜூன் 7ஆம் திகதி விடிய முன்னம் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த எங்கள் ஆட்களில் 300க்கு மேற்பட்டவர்களை பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்களே, அப்போது உனக்குப் பதினொரு வயது. அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஆனால் எங்கள் வீட்டுக்குள் புகுந்த பயத்தை யார் தடுத்தார்கள்? அந்த வருடம் முழுக்க, பெல் அடித்தால் நீ யாரும் சொல்லாமலே அலுமாரிக்கு ஓடி, அடையாள அட்டைகளையும் பதிவுத் துண்டையும் எடுத்துக்கொண்டு வந்து என் கையில் தருவாய். நான் உன்னைக் கெட்டிக்காரி என்று தட்டிக்கொடுத்தேன். அப்படித் தட்டிக்கொடுத்திருக்கக் கூடாது, உட்கார வைத்து அணைத்திருக்க வேண்டும்.

இனி வியாழக்கிழமை விஷயம். அங்கே நேர்ஸாக இருக்கும் உன் சித்தப்பாவின் மகளோடு இன்று காலை ஒரு மணித்தியாலம் கதைத்தேன். வருகிறவர் ஹெல்த் விசிட்டர். நேர்ஸ் அல்லது மிட்வைஃப் படிப்புக்கு மேலே இன்னும் படித்தவர். இங்கிலாந்தில் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது தொடங்கி இரண்டு, இரண்டரை வயது வரை ஐந்து தடவை எல்லா வீட்டுத் தாய்மாரையும் பார்ப்பார்கள். வெள்ளைக்காரர் வீட்டுக்கும் போவார்கள். உன்னைத் தேடி வரவில்லை. உன் விருப்பம் இல்லாமல் உள்ளே வர அவருக்குச் சட்ட உரிமை கிடையாது. இன்று முடியாது, வேறு நாள் வாருங்கள், அல்லது நான் கிளினிக்குக்குக் கொண்டுவருகிறேன் என்று நீ சொல்லலாம். ஆனால் சொல்ல வேண்டும். லைட்டை நூத்துவிட்டு இருந்தால் உள்ளே ஏதோ பிழை என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். அது உனக்கும் பிள்ளைக்கும் கூடாது.

மருமகனை வெளியே போகச் சொல்லிவிட்டு "அவர் அடிக்கிறவரா" என்று கேட்டது உனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. எனக்கும் கேட்டவுடன் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கேள்வியை அவர்கள் எல்லாப் பெண்களிடமும், தனியாகத்தான் கேட்பார்களாம். புருஷன் பக்கத்தில் நின்றால் அடிவாங்குகிறவள் வாய் திறப்பாளா? நம் ஒழுங்கையில் அந்தக் கேள்வியை யாரும் கேட்காததால் வருடக்கணக்காக வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்களை எனக்குத் தெரியும். மொழிபெயர்க்கவும் மருமகனை வைக்காதே. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டால் ஒழுங்கு செய்து தருவார்களாம்.

பிள்ளையின் முதுகுக்குக் கீழே இருக்கிற நீலத் திட்டைப் பார்த்து "இது எப்படி வந்தது" என்று கேட்டதில்தான் நீ மிகவும் நொந்துபோனாய். உனக்கும் அதே இடத்தில் இருந்தது, பேனை மை ஊறின மாதிரி, ஒரு உள்ளங்கை அகலம். பள்ளிக்கூடம் போகிற வயதில் தானாக மங்கிவிட்டது. எங்கள் பிள்ளைகள் பலருக்குப் பிறவியிலேயே அது இருக்கும். அங்கே தெரியாதவர்கள் அதைக் கண்டல் காயம் என்று நினைத்துவிடுவார்கள். அதனால் நீயே அதைக் காட்டி, எந்த இடம், எவ்வளவு பெரிது என்று பிள்ளையின் சுகாதாரப் பதிவுக்கு அங்கே தருகிற அந்தச் சிவப்புப் புத்தகத்தில் எழுதச் சொல். அந்தப் புத்தகம் உன் கையில் இருக்கிற புத்தகம். அவர் போனதும் ஒவ்வொரு வரியையும் வாசி.

படுக்கை பற்றி அவர் சொன்னதை மட்டும் அப்படியே கேள். நீ மூன்று வயது வரை என் பக்கத்தில்தான் படுத்தாய், உண்மை. ஆனால் நாங்கள் படுத்தது பாயில், ஃபேன் காற்றில். அங்கே மெத்தையும் குயில்ட்டும். பிள்ளை தன் கட்டிலில், மல்லாக்க, தலையணை இல்லாமல், உங்கள் அறையிலேயே படுக்கட்டும். நான் அனுப்பிய மைச் சிமிழையும் குப்பையில் போடு. கடையில் வாங்குகிற சில கண் மையில் ஈயம் இருக்கிறதாம். எனக்குத் தெரியாமல் அனுப்பிவிட்டேன்.

மனசைப் பற்றிப் பத்துக் கேள்வி கொண்ட தாள் ஒன்று தந்தால் உள்ளதை உள்ளபடி போடு. நீ இந்த இரண்டு கிழமையாக எத்தனை தரம் அழுதாய் என்று எனக்குத் தெரியும். 'எல்லாம் சரி' என்று போட்டுவிட்டு என்னிடம் மட்டும் அழாதே, நான் ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறேன். உனக்குத் துடக்குக் கழிக்கவும் சரக்கரைத்துக் கறி வைக்கவும் கூட வர முடியவில்லை.

சரக்குத்தூள் இரண்டு பையும் வேர்க்கொம்பும் வைத்திருக்கிறேன். பம்பலப்பிட்டியில் ஒரு பிள்ளை இருபதாம் திகதி லண்டன் போகிறாள், அவளிடம் கொடுத்துவிடுவேன். பார்சலுக்குள் ஒரு சீ.ஆர். கொப்பியும் இருக்கும். அது வரும்வரைக்கும் ஏதாவது தாளில் எழுது.

அவர் வருவது பதினொரு மணிக்கு என்றாய். இங்கே அப்போது பின்னேரம் மூன்றரை. கழுத்தில் அடையாள அட்டை போட்டிருப்பார், பெயரைப் பார்த்து எழுதிக்கொள். பிள்ளையைத் தூக்க வந்தால் முதலில் உன்னிடம் கேட்கச் சொல். நான் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விறாந்தையில் இருப்பேன். கதவைத் திறக்க முன்னம் ஒரு தரம் எனக்கு மிஸ்ட் கோல் கொடு.

அன்புடன்,
அம்மா