கெவலாருக்கு எங்களைக் கூட்டிப்போனவர்களுக்கு

அன்புள்ள மாமாமாருக்கும் அன்ரிமாருக்கும்,

ஜெர்மனியில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பிள்ளைகளான எங்களில் பலருக்கு மாதாவின் விண்ணேற்புத் திருவிழா என்றால் ஆகஸ்ட் 15ஐ ஒட்டி வருகிற ஒரு சனிக்கிழமையும், நெதர்லாந்து எல்லையோரம் இருக்கிற மாதா யாத்திரைத் தலமான கெவலாரும்தான். அந்த நாளை எங்களுக்குத் தந்தது நீங்கள்.

தொண்ணூறுகளில் கார் இல்லாத குடும்பங்கள்தான் அதிகம். வேலை முடிந்து வந்த களைப்போடு இரவிரவாக ஒவ்வொரு வீட்டுக்கும் போன் எடுத்து, ஆட்களைச் சேர்த்து பஸ் பிடித்த மாமாமாருக்கு முதல் நன்றி. பஸ் வெளிக்கிட்டதும் செபமாலை தொடங்கும், பின் சீட்டில் நாங்கள் அப்படியே நித்திரையாகிவிடுவோம். அப்புறம் ரோல்ஸும் கட்லட்டும் சோற்றுப் பார்சலும் கட்டிக்கொண்டு வந்து, யாருடைய பிள்ளை என்று பார்க்காமல் எல்லோர் கையிலும் கொடுத்த அன்ரிமாருக்கு. உங்களில் பாதிப்பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அறுகோணச் சிற்றாலயத்தின் முன்னால் பெரிய வரிசை நிற்கும். உள்ளே இருப்பது கடதாசியில் அச்சடித்த, கையளவு மாதா படம். முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1642இல் ஹென்ட்ரிக் புஸ்மன் என்ற வியாபாரி வழியோரத்தில் ஒரு சின்னக் கூடு கட்டி அதை வைத்தார், அதற்கு முன் அது படைவீரர்கள் கையில் இருந்த படம் என்ற கதையை, எங்களுக்கு விளங்குகிற எளிய ஜெர்மன் மொழியில் ஒரு கன்னியாஸ்திரி சொல்லித் தந்தார். அவருக்கும் நன்றி. துயரப்படுகிறவர்களின் ஆறுதல் என்பது அந்த மாதாவின் பெயர். ஊரில் நடந்த போரால் இலங்கையின் மடு மாதா கோவில் ஆவணித் திருவிழாவுக்குப் போக வழியில்லாத அம்மாமார் அந்த வரிசையில் ஏன் அப்படி அழுதார்கள் என்று பிள்ளைகளுக்கு அப்போது விளங்கவில்லை.

பூசை முடிந்து மாதாவின் சுருவம் (சிலை) வெளியே வரும்போது தமிழ்ப் பாட்டில் சதுக்கமே நிறைந்துவிடும். எங்களோடு மெழுகுவர்த்தி ஏற்றி, நேர்த்தி வைத்து, பிள்ளைகளைத் தோளில் தூக்கி மாதாவைக் காட்டிய சைவக் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்லவேண்டும். நீங்கள் இல்லாமல் அந்தத் திருவிழா எனக்கு ஞாபகத்தில் இல்லை.

அந்தக் காலத்தில் சமைத்தவர்கள், பஸ் பிடித்தவர்கள் யாராவது இதை வாசித்தால் உங்கள் பெயரைச் சொல்லுங்கள், நேரில் வந்து பார்க்க ஆசை. இனி பார்சல் கட்டுகிற வேலையை எங்களிடம் விடுங்கள். எத்தனை பேருக்கு என்று மட்டும் முன்கூட்டியே சொன்னால் போதும்.

அன்புடன்,
பின் சீட்டில் வந்த பிள்ளைகளில் ஒருத்தி