தக்கை இல்லாத தூண்டில்

கல்லிடைக்குறிச்சி,
மார்கழி 12

அன்புள்ள சேக்காளிக்கு,

உமது கடிதம் வந்து நாலு நாளாகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் வீட்டில் முழங்கால் வலி என்று அம்பாசமுத்திரத்துக்கும் வீட்டுக்குமாக அலைச்சல். இப்போது தேவலை, இன்று காலை வாசலில் குனிந்து கோலம் போட்டாள். பிசானப் பயிர் நன்றாகத் தலை நிமிர்ந்து நிற்கிறது. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் ஓடுகிறது. குளம் மறுகால் பாய்ந்து ஒரு வாரமாகிறது, மறுகாலில் பையன்கள் பழைய சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நாம் நின்ற அதே இடம்தான்.

ஊர்க்கதை போதும். “ஆறு நாள் போனேன், ஒரு மீன்கூடத் தொடவில்லை, இந்த லேக் ஃபோர்க் ஏரியில் மீனே கிடையாது” என்று அமெரிக்காவில், டைலர் நகரில் மகன் வீட்டில் இருந்துகொண்டு எழுதியிருக்கிறீர். அப்படிச் சொல்லாதீர் வே. 1992 ஜனவரியில் பாஸ் என்கிற பெரிய வாய்க்கார மீனில் டெக்சாஸ் மாநிலத்தின் சாதனை மீன் அந்த ஏரியில்தான் ஏறியது. எட்டேகால் கிலோ. மாதத்தைக் கவனித்தீரா? உம்மைப் போலக் குளிரில் விறைத்துக்கொண்டிருந்த ஒருவர்தான் பிடித்திருக்கிறார்.

உமது கடிதத்திலேயே இன்னொரு வரி இருக்கிறது. தூண்டில் முள்ளில் மாட்டுகிற பிளாஸ்டிக் புழு மட்டமான சரக்கு, அடிக்கடி தலைப்பக்கம் நழுவி முள்ளின் வளைவில் சுருண்டுகொண்டு வருகிறது என்று கடைக்காரரைத் திட்டியிருக்கிறீர். அடுத்த முறை அப்படி வந்தால் புழுவை விரலால் தடவிப் பாரும். புல்லில் இழுபட்டும் நழுவும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அரத்தில் உரசியதுபோல் மேலே சொரசொரப்பு இருந்தால் அது பாஸ் மீனின் பல். அதன் பல் உப்புத்தாள் மாதிரிதான் இருக்கும். ஆறு நாளும் மீன் வந்திருக்கிறது, வாயில் வைத்துப் பார்த்திருக்கிறது, துப்பிவிட்டுப் போயிருக்கிறது. உமக்குத் தகவல் வரவில்லை, அவ்வளவுதான்.

பாஸ் மீன் இரையைப் பல்லால் கவ்வி இழுப்பது குறைவு. உறிஞ்சுவதுதான் அதன் வழக்கம். பெரிய வாயைத் திறந்து செவுளை விரித்தால், வாய்க்கு முன்னால் இருக்கும் தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடும். சரிப்படவில்லை என்றால் கண்மூடித் திறப்பதற்குள் வந்த வழியே வெளியே வந்துவிடும். போன வாரம் பாபநாசம் போயிருந்தபோது படித்துறையில் மீன்களுக்குப் பொரி போட்டுக்கொண்டு இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிதக்கிற பொரி மிதந்துகொண்டே இருக்கிறது; அடுத்த கணம் இல்லை. அந்த இடத்தில் ஒரு சின்னச் சுழி. இழுப்பும் இல்லை, பறிப்பும் இல்லை. அந்தப் பொரியில் ஒரு தூண்டில் நரம்பைக் கட்டிப் பிடித்திருந்தால் கைக்கு என்ன தெரிந்திருக்கும்? அதிலும் இப்போது அங்கே குளிர். தண்ணீர் குளிர்ந்தால் மீனின் உடம்பும் குளிர்ந்துவிடும். துரத்தி ஓடாது, நின்ற இடத்திலேயே வாயைத் திறந்து மூடும். புழுவை இழுத்துக்கொண்டு ஓட வேண்டும் என்று அதற்கு என்ன தலையெழுத்து?

நம்மைக் கெடுத்தது மயில்தண்டுத் தக்கை. அது துடித்தால் கெண்டைக்குஞ்சு, சாய்ந்து படுத்தால் ஜிலேபி, ஒரேயடியாக முங்கினால் கெளுத்தி என்று கண்ணாலேயே ஜாதகம் சொல்லிப் பழகிவிட்டோம். கைக்கு வேலையே வைக்கவில்லை. கைத்தூண்டில் தாத்தாவை நினைவிருக்கிறதா? ராத்திரியில் குளக்கரையில் தக்கை இல்லாமல், நரம்பை ஆள்காட்டி விரலின் மடிப்பில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். தூங்குகிறார் என்று நினைத்து அவர் பனையோலைக் கூடையில் கை விட்டோம். நரம்பு பிடித்த கையை அசைக்காமல் மறு கையால் உமது காதைத் திருகினாரே! உமக்கு இப்போது வேண்டியது அந்த விரல்தான்.

எனக்கு அது வந்த கதையைச் சொல்கிறேன். போன தை மாதம் மகள் வீட்டில் இருந்தபோது மருமகன் அதே ஏரிக்குப் படகில் கூட்டிக்கொண்டு போனார். தண்ணீருக்குள் பட்டமரங்கள் நிற்கும் பகுதி. வீசிவிட்டு மனதுக்குள் எண்ணுவேன். ஆறு எண்ணும்போது நரம்பில் கட்டிய ஈயக்குண்டு தரையைத் தொடும், நரம்பு தொய்ந்து தண்ணீர்மேல் படுக்கும். ஒரு முறை நாலிலேயே படுத்துவிட்டது. ஏரியின் தரை மேலே எழும்பியா வரும்? அந்த அறிவுகூட இல்லாமல், கிளையில் தங்கியிருக்கும் என்று மெல்லத் தூக்கினேன். ஒரு கனம் இருந்தது. ஈரத்துணியைத் தண்ணீருக்குள்ளிருந்து தூக்குகிற கனம். மரக்கிளை இப்படி வளைந்துகொடுக்காதே என்று யோசிக்கிறேன், அதற்குள் கனம் போய்விட்டது. புழு சுருண்டு வந்தது. மருமகன் என் முகத்தைப் பார்க்காமல், “மாமா, அது மீன்” என்றார்.

பிறகு எத்தனையோ வீச்சு. கைக்கு ஒன்றுமே தெரியவில்லை, ஆனால் நரம்பு தண்ணீரைத் தொடும் இடத்தில் ஒரு சின்னத் துள்ளல். நரம்பு ஒரு விரற்கடை பக்கவாட்டில் நகர்ந்தது. காற்று எதிர்ப்பக்கமாக அடிக்கிறது, இது ஏன் இந்தப் பக்கம் போக வேண்டும்? ரீலைச் சுற்றித் தொய்வை எடுத்துவிட்டு, முள் ஏறும்படி கம்பைச் சட்டென்று வெட்டித் தூக்கினேன். 18 அங்குலம்! அந்த ஏரியில் 16 அங்குலத்திலிருந்து 24 அங்குலம் வரை உள்ள பாஸைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். விட்டுவிட்டேன். குழம்புக்கு ஆகாத மீனுக்கா இத்தனை பாடு என்று வீட்டில் இன்றைக்கும் கேட்கிறாள்.

ஆகவே நாளைக்குப் போனதும் முதல் அரைமணி நேரம் மீனை மறந்துவிடும். கரையோரம் அடித்தரை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஈயத்தை மெல்ல இழுத்து, கூழாங்கல் என்றால் எப்படித் தட்டுகிறது, புல் எப்படி நாரை உரிப்பதுபோல் வருகிறது, சேறு எப்படி ஒட்டுகிறது என்று விரலுக்குப் பாடம் சொல்லும். புழு சும்மா இருக்கும்போது எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான், சும்மா இல்லாதபோது தெரியும். ரீலுக்கு முன்னால் நரம்பை ஆள்காட்டி விரலில் தொட்டுக்கொண்டே இரும். புழு இறங்கும்போதுதான் அடிக்கடி மீன் வாய் வைக்கும். அப்போது நீர் வெந்நீர்க் குடுவையைத் திறந்துகொண்டிருந்தால் நான் என்ன செய்ய? அதற்காக நரம்பை வீணைத் தந்தி மாதிரி முறுக்கியும் வைக்காதீர். உறிஞ்சும்போது புழு தடையில்லாமல் உள்ளே போக வேண்டும். உமது பிடி தெரிந்தால் உடனே துப்பிவிடும். தொங்கவும் கூடாது, விறைக்கவும் கூடாது. இது எழுத்தில் வராது, பழகத்தான் வேண்டும்.

மகன் வாங்கித்தந்த சாதா நைலான் நரம்பு இழுத்தால் நீளும். தூரத்தில் மீன் தட்டுவது கைக்கு வருவதற்குள் அந்த நீட்சியிலேயே கரைந்துபோகும். ஃபுளூரோகார்பன் நரம்பு கேட்டு வாங்கும். தட்டு கைக்கு இன்னும் தெளிவாக வரும், தண்ணீரில் மூழ்கவும் செய்யும். டங்ஸ்டன் குண்டு ஈயத்தைவிடக் கடினம், தரையின் சேதியை நன்றாகச் சொல்லும். ஆனால் விலையைக் கேட்டால் தலை சுற்றும். எனக்கு ஈயமே போதுமாக இருந்தது.

தடதடவென்று தொடர்ந்து தட்டினால் அது புளூகில் என்கிற உள்ளங்கையளவு மீன். நம் ஜிலேபிக்குஞ்சு மாதிரி ரகளைக்காரன், புழுவின் வாலைப் பிடித்துப் பிய்ப்பான். அவனுக்கு வெட்ட வேண்டாம். பாஸ் என்றால் பெரும்பாலும் ஒரே ஒரு ‘டக்’. அதுவும் இல்லாமல் வெறும் கனமாகவோ, இருந்த கனம் இல்லாமலோ போகலாம். சந்தேகம் வந்தால் வெட்டிவிடும். பலமுறை புல்லைத்தான் பிடுங்குவீர், பரவாயில்லை. கெண்டைக்குச் சுண்டுவதுபோல் மணிக்கட்டால் சுண்டாதீர். முள்ளின் கூர் புழுவுக்குள் புதைந்திருக்கிறது அல்லவா, அது புழுவைத் துளைத்து மீனின் தாடைக்குப் போக வேண்டும். தோளிலிருந்து வர வேண்டிய வெட்டு அது.

இன்னொன்று, நீர் மட்டம் என்று திட்டிய அந்தச் சரக்குக்கும் உம் மகன் ஊருக்கும் உறவு உண்டு. நிக் கிரீம் என்பவர் 1949இல் ஓஹியோவின் ஏக்ரன் நகரில், தம் வீட்டு அடுப்பில் வினைலைக் காய்ச்சி அச்சில் ஊற்றிச் செய்த புழு அது. பிறகு தொழில் அந்த டைலர் நகருக்கே வந்து சேர்ந்தது. அடுப்பங்கரையில் பிளாஸ்டிக் காய்ச்ச விட்ட அவர் வீட்டு அம்மாளைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். இங்கே மண்புழு டப்பாவை அடுக்களைத் திண்ணையில் வைத்ததற்கே மூன்று நாள் எனக்கு மோர் கிடைக்கவில்லை.

பங்குனியில் வருகிறீர் அல்லவா? கறுப்பும் நீலமுமாக ஏழரை அங்குலப் புழு இரண்டு பாக்கெட் வாங்கிவாரும். அதற்குள் குளத்தில் தண்ணீர் வற்றிவிடும், விரால் தாமரைக்கொடிக்குள் ஒதுங்கி நிற்கும். அது இந்தப் பிளாஸ்டிக்கை உறிஞ்சுமா, இல்லை ஒரே பாய்ச்சலில் அடிக்குமா என்று பார்க்க வேண்டும். உமக்கு அப்பளம் ஐந்து கட்டு சொல்லி வைக்கிறேன். பெட்டியில் புழுவைத் துணிக்கு அடியில் வையும். என் வீட்டில் கேட்டால் மருந்து என்று சொல்லிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உம் சேக்காளி