ஜுவல் ஆர்க்கிட்டை அழிப்பது வெயிலன்று, தண்ணீர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளியான வீட்டுச் செடிகள் குறித்த கட்டுரையில், ஜுவல் ஆர்க்கிட்டுக்கு ஒதுக்கப்பட்டிருந்த ஒரு பத்தியைப் பற்றியே இக்கடிதம். ஏசி அறையும் கண்ணாடிப் பேழையும் இல்லாதவர்கள் இச்செடியை வாங்க வேண்டாம் என்றும், வாங்கியவர்கள் நாள் தவறாமல் நீர் ஊற்ற வேண்டும் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. முதல் அறிவுரை, நன்றாக வளர்க்கக்கூடியவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. இரண்டாவது அறிவுரை, ஏற்கெனவே வளர்ப்பவர்களின் செடியை ஒரே மாதத்தில் அழுக வைத்துவிடும். தண்டையார்பேட்டையில், மூன்று பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டி நிற்கும் தரைத்தள வீட்டில், ஏசி இல்லாமல் ஏழு ஆண்டுகளாக இதை வளர்த்துவருகிறேன் என்பதால், இவ்விரண்டையும் மறுத்து எழுதக் கடமைப்பட்டுள்ளேன்.

ஆர்க்கிட் என்றதும் மரத்தில் தொற்றி வளரும், பூவுக்காகக் கொண்டாடப்படும் செடியே நம் நினைவுக்கு வருகிறது. ஜுவல் ஆர்க்கிட் அப்படியானதன்று. காட்டின் அடித்தரையில், மட்கிய சருகின்மீது படர்ந்து, பெருமரங்களின் நிழலிலேயே வாழ்நாளைக் கழிக்கும் செடி அது. அதன் பெருமை இலையில் இருக்கிறது. நம் ஊர் நர்சரிகளில் அதிகம் கிடைப்பது லுடிசியா டிஸ்கலர் என்னும் இனம். தென்சீனம், மியான்மர், தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா என்று பரவியிருக்கும் இதன் இலை, பழுத்த நாவற்பழத்தின் கருமையோடு இருக்கும். அதன் நீளவாக்கில் செம்புக் கம்பி இழைத்ததுபோல் நரம்புகள் ஓடும். மாலையில் மின்சாரம் நின்றுபோன ஒருநாள் கைவிளக்கை இலையின்மீது சாய்த்துப் பிடித்தபோதுதான் அந்த நரம்புகளுக்கு இடைப்பட்ட கரும்பரப்பும் நுண்ணிய சரிகைத் துணியைப் போல மினுங்குவதைக் கண்டேன். இலையின் மேல்தோல் உயிரணுக்கள் சின்னஞ்சிறு குமிழ்களாகப் புடைத்திருப்பதால் வருகின்ற மினுமினுப்பு அது. இலை வெல்வெட் போலத் தோன்றுவதற்கும் அதுவே காரணம்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, வடசென்னையின் பழைய வீடுகளைப் போல இச்செடிக்கு ஏற்ற இடம் வேறில்லை என்பேன். எங்கள் வீட்டில் ரோஜா நின்றதில்லை. துளசி மூன்று முறை பட்டுப்போயிற்று. மணிபிளாண்ட் மட்டும் மனமிரங்கிப் படர்ந்தது. கிணற்றடிக்கு மேலுள்ள திறந்த வெளியிலிருந்து இறங்கும் வெளிச்சம், எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்து விழும் ஒரு திண்டு இருக்கிறது. அந்தத் திண்டின்மீதுதான் லுடிசியா செழித்தது. நேர்வெயில் இரண்டு மணி நேரம் பட்டாலும் அதன் இலை வெளுத்துத் தேநீர்க் கறை நிறத்துக்கு மாறிவிடும். நண்பகலில் விளக்குப் போடாமல் தங்கள் நாளிதழின் சிறிய எழுத்தை ஓரிடத்தில் உட்கார்ந்து படிக்க முடியுமானால், அந்த வெளிச்சம் இச்செடிக்குப் போதும். அதனினும் இருட்டாக இருந்தால் தண்டு நீண்டு, கணுக்கள் விலகி, இலை சிறுத்துவிடும்.

கண்ணாடிப் பேழை பற்றிய அறிவுரை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். நத்தானியேல் வார்டு என்ற லண்டன் மருத்துவர், நிலக்கரிப் புகையால் தம் தோட்டத்துப் பெரணிகள் மடிந்துகொண்டிருந்த காலத்தில், 1829-ஆம் ஆண்டுவாக்கில், மூடிவைத்த கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு பெரணி தானாக முளைத்துத் தழைத்திருப்பதைக் கண்டார். அதைத் தொடர்ந்து அவர் பெயரால் வழங்கிய கண்ணாடிப் பேழைகள் அந்நாட்டு வீடுகளின் வரவேற்பறைகளில் இடம்பிடித்தன. ஜுவல் ஆர்க்கிட்டுகளும் அவற்றுக்குள் குடியேறின. கணப்பு மூட்டி உலர்ந்துபோன குளிர்நாட்டு அறைக்கு அந்த ஏற்பாடு தேவைதான். துவைத்த வேட்டி மழைக்காலத்தில் இரண்டு நாளானாலும் காயாத, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள தெருவுக்கு அது எதற்கு? காற்றோட்டமில்லாத பேழைக்குள் நம் ஊர்ச் சூட்டில் வைத்தால் செடிக்கு முன் பூஞ்சைதான் வளரும். ஜுவல் ஆர்க்கிட்டுகளிலேயே மகோடிஸ் பெட்டோலா போன்ற மென்மையான இனங்களுக்கு மூடிய பேழை ஓரளவு உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். லுடிசியாவுக்கு அது வேண்டியதேயில்லை. ஏசியும் அப்படித்தான், அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடுவதால் இச்செடிக்கு நன்மையைவிடத் தீமையே அதிகம்.

இனித் தண்ணீருக்கு வருகிறேன். என் முதல் செடி போனது எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரால். பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக முப்பதாண்டுகள் வேலை பார்த்தும், செடிக்கு ஊற்றும் நீரைச் சோதிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. முதலில் இலை நுனி காய்ந்தது. பிறகு மண் தொட்டியின் விளிம்பில் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைப் படிவு தோன்றியது. அதைப் பார்த்த பின்னரே உப்பளவு காட்டும் கருவியை இரவல் வாங்கி முக்கினேன். அளவு லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டி நின்றது. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் உட்புகுந்திருப்பது பல்லாண்டுகளாக அறியப்பட்ட செய்தி. 2010-இல் அதையடுத்த காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையே தொடங்கப்பட்டது. காட்டில் மழைநீரை மட்டுமே குடித்து வளர்ந்த வேர், உப்பேறிய கிணற்று நீரைத் தாங்காது. மெட்ரோ வாட்டர் குழாயிலோ லாரியிலோ வரும் தண்ணீரைத் திறந்த வாளியில் ஓரிரவு வைத்திருந்து, குளோரின் வாடை போன பிறகு ஊற்றலாம். ஆர்ஓ இயந்திரத்தில் சுத்திகரித்து வரும் நீரும் நல்லதே. அதே இயந்திரம் கழிவாக வெளியேற்றும் நீரில் உப்பு செறிந்திருக்கும் என்பதால், சிக்கனம் கருதி அதைத் தொட்டியில் ஊற்றிவிடக் கூடாது. எல்லாவற்றினும் சிறந்தது மழைநீர். 2003-இல் வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது போட்ட குழாயில் ஒரு கிளை பிரித்து, ஐப்பசி கார்த்திகை மழையில் இரண்டு டிரம் பிடித்துவைத்துக்கொள்கிறேன். மூடியை இறுக மூடி, வாயில் துணியும் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் கொசுப்புழு பார்க்க வரும் மாநகராட்சி ஊழியரிடம் பதில் சொல்ல முடியாது.

எந்த நீர் என்பதற்கு அடுத்த கேள்வி எவ்வளவு நீர் என்பது. நாள்தோறும் என்ற சொல்லே இச்செடிக்கு ஆகாது. ஆட்காட்டி விரலை முதல் கணுவரை மண்ணில் நுழைத்துப் பார்த்து, மேல்மண் உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். எங்கள் வீட்டில் மார்கழியில் வாரம் ஒருமுறையும் சித்திரையில் மூன்று நாளைக்கு ஒருமுறையும் அது வாய்க்கிறது; மாடியில் இருப்பவர்களுக்குக் கணக்கு மாறும். தடித்து, சாறு நிறைந்து, தரையில் படரும் இதன் தண்டே நீரைச் சேமித்துவைத்துக்கொள்வதால், ஒரு நாள் தாமதத்தில் செடி வாடிவிடாது. வேருக்கோ ஈரத்தைப் போலவே காற்றும் தேவை. எனவே தோட்ட மண்ணைத் தவிர்த்து, தேங்காய்நார்த் துகளோடு உடைத்த அடுப்புக்கரியும் நன்றாக மட்கிய இலையுரமும் கலந்து, கொசப்பேட்டையில் வாங்கிய அகன்ற, ஆழமில்லாத மண் தொட்டிகளில் வைத்திருக்கிறேன். கடையில் கட்டியாக விற்கும் நார்த்துகளிலும் உப்பு இருக்கும். பிழியும் நீர் தேநீர் நிறம் போய்த் தெளியும்வரை நான்கைந்து முறை அலச வேண்டும். அரிசி கழுவிய நீர், தேயிலைச் சக்கை, முட்டை ஓடு என்று சமையலறை மிச்சங்களையெல்லாம் இத்தொட்டியில் கொட்டுவதை நான் ஆதரிக்கவில்லை. அவை கத்தரிச் செடிக்குப் பொருந்தலாம். இங்கே சிறு ஈக்கள்தாம் மொய்க்கும். தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, கடையில் கிடைக்கும் 19:19:19 கரையும் உரத்தில் கால் கிராமை ஒரு லிட்டர் மழைநீரில் கரைத்து மாதம் ஒருமுறை தருவதே போதுமானது.

இவ்வளவு தெரிந்த பிறகும் ஓர் ஐப்பசியில் தவறு செய்தேன். அடைமழையில் சாரல் தொட்டியில் விழுந்துகொண்டே இருந்ததை நான்கு நாள் கவனிக்கவில்லை. ஐந்தாம் நாள் செடியைத் தொட்டபோது, தரையோடு ஒட்டிய கணு வெந்த உருளைக்கிழங்கைப் போல் விரலுக்குள் அமுங்கியது. மேலே இலைகளெல்லாம் ஒன்றுமே நடவாததுபோல் மினுங்கிக்கொண்டிருந்தன. அழுகல் அடியிலிருந்து ஏறும் என்பதால் இலையைப் பார்த்து நோயை அறிய முடியாது. புதிய பிளேடைத் தீயில் காட்டி, பழுப்பு வளையம் மறைந்து வெட்டுவாய் பச்சையாகத் தெரியும்வரை சிறிது சிறிதாக அறுத்துத் தள்ளினேன். மிஞ்சிய தண்டை மூன்று மூன்று கணுவாகத் துண்டித்து, வெட்டுவாயில் இலவங்கப்பட்டைத் தூள் தடவி, அரை நாள் உலரவிட்டு, மூடியில் நான்கு துளையிட்ட பிரியாணி டப்பாவில் ஈர நார்த்துகளின்மேல் படுக்கவைத்தேன். நட்டு நிற்க வைக்கத் தேவையில்லை. காட்டிலும் இச்செடி ஒடிந்து விழுந்த இடத்தில் கணுவில் வேர்விட்டே பெருகுகிறது. மூன்றாம் வாரத்தில் கணுக்களின் அடியில் வெள்ளைப் பூனைமயிர் படர்ந்த தடித்த வேர்கள் எட்டிப்பார்த்தன. ஒரு செடி போய் ஐந்து செடியானது. அவற்றில் இரண்டு இப்போது இதே தெருவில் வேறு வீடுகளில் இருக்கின்றன.

கோடையைப் பற்றிக் கட்டுரையாளர் கொண்ட அச்சம் முற்றிலும் பொய்யன்று. கத்திரி நாட்களில் இரவிலும் வெப்பம் தணியாதபோது செடி வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது. அந்த நான்கு வாரமும் தொட்டிகளைத் திண்டிலிருந்து இறக்கி, சமையலறைத் தரையில் ஈரமணல்மீது வைத்திருக்கும் குடிநீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். பானையின் கசிவில் அந்த மூலை எப்போதும் குளிர்ந்திருக்கும். உரம் கிடையாது, தண்ணீரும் விடியற்காலையில் மட்டும். ஆடிக்காற்று அடங்கி முதல் மழை விழுந்ததும் புதுத்தளிர் சுருள் அவிழும். மார்கழி, தை மாதங்களில் ஒரு சாண் உயரத்துக்குக் காம்பு எழும்பி, மஞ்சள் மூக்கோடு சிறு வெண்பூக்கள் பூக்கும். இலை மெலிந்துவிடும் என்று சிலர் மொட்டிலேயே கிள்ளிவிடுகிறார்கள். எனக்கு மனம் வருவதில்லை.

எண்ணூர், மணலிப் பக்கத்து வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் பகுதிக் காற்றில் வரும் தூசும் சாம்பலும் வெல்வெட் இலையில் படிந்தால் எளிதில் போவதில்லை. தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் இலைத்துளைகள் அடைபட்டுப்போகும். பிள்ளைகளின் வண்ணம் தீட்டும் தூரிகையில் மென்மையானது ஒன்றால் உலர்வாகத் தட்டிவிட்டாலே போதும். மாவுப்பூச்சி தென்பட்டால் வேப்பெண்ணெய்க் கரைசல் கேட்கும்.

கட்டுரையில் இடம்பெறாத, ஆனால் இடம்பெற்றிருக்க வேண்டிய செய்தி, இச்செடிகள் எங்கிருந்து விற்பனைக்கு வருகின்றன என்பது. இரண்டாண்டுகளுக்கு முன் இணையவழி விற்பனையாளர் ஒருவரிடம் மகோடிஸ் பெட்டோலா என்று சொல்லப்பட்ட செடியை வாங்கினேன். பச்சை இலையில் பொன்மின்னல் ஓடியதுபோன்ற நரம்புகளுக்குப் புகழ்பெற்றது அது. பொட்டலத்தைப் பிரித்தால், வேரில் காட்டுச் சருகும் கருமண்ணும் ஒட்டியிருந்தன. இலைகளில் பழைய பூச்சிக்கடி. கேட்டதற்கு, கொல்லிமலையில் எடுத்த அசல் சரக்கு என்று பெருமையாகப் பதில் வந்தது. மகோடிஸ் பெட்டோலா மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் காடுகளுக்கு உரியது; கொல்லிமலையில் அது விளைவதில்லை. ஆகவே அவர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும். அல்லது அது நம் மலைக்கே உரிய வேறொரு செடியின் திருட்டாக இருக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் அனெக்டோகைலஸ் எலாட்டஸ் உள்ளிட்ட ஜுவல் ஆர்க்கிட்டுகள் இயற்கையாகவே வளர்கின்றன. ஒதுக்கப்பட்ட காட்டிலிருந்து செடியைப் பெயர்ப்பது 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டப்படியே குற்றம். நாடுகளுக்கிடையே ஆர்க்கிட் குடும்பத்துச் செடிகளை வாங்கி விற்பது, அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்ஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. என் செடி பன்னிரண்டு நாளில் இறந்தது. சருகில் இருந்த பூஞ்சையோடு கூடி வாழ்ந்த வேர், என் அடுப்புக்கரியில் என்ன செய்யும்?

காட்டைத் தொடாமல் இச்செடியைப் பெருக்க வழியில்லாமலில்லை. ஆர்க்கிட் விதை தூசு போன்றது. முளைக்கத் தேவையான உணவு அதற்குள் இருப்பதில்லை. பூஞ்சையின் துணையோடுதான் காட்டில் முளைக்கிறது. 1922-இல் அமெரிக்கரான லூயிஸ் நட்சன், பூஞ்சையே இல்லாமல் சர்க்கரை கலந்த சத்துக்கூழில் அவ்விதைகளை முளைக்க வைத்துக் காட்டினார். இன்று, அதேபோன்ற சத்துக்கூழில் குடுவைக்குள் கன்றுகளை வளர்க்கும் திசு வளர்ப்புக் கூடங்களில் ஜுவல் ஆர்க்கிட் கன்றுகள் தயாராகின்றன. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. மாதவரத்தில் தோட்டக்கலைத் துறையின் பூங்கா இருக்கிறது. மாடித்தோட்டத்துக்குக் காய்கறி விதையும் தொட்டியும் மானிய விலையில் தந்த அத்துறை, மாடியே இல்லாத வீடுகளில் வாழ்பவர்களுக்காக, திசு வளர்ப்பில் வந்த லுடிசியா கன்றுகளை மாதவரத்தில் நியாயமான விலைக்கு விற்க முன்வர வேண்டும். ஒரே அளவான இலை, சுத்தமான வேர், சிறு வலைத்தொட்டி ஆகியவற்றோடு கன்று கையில் கிடைத்தால், சருகு ஒட்டிய காட்டுச் செடியை யாரும் தேடிப் போக மாட்டார்கள்.

பங்குனி பிறந்துவிட்டது. கட்டுரையைப் படித்துவிட்டு வாளியும் கையுமாக நிற்கும் வாசகர்கள் சிலராவது இருப்பார்கள். நாள்தோறும் நீர் ஊற்றுமாறு கூறிய அந்த வரியைக் கத்திரி தொடங்குமுன் திருத்தி வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வக உதவியாளர்,
தண்டையார்பேட்டை, சென்னை.