ஒரே சீரியல், வேற வேற கதை

ஆசிரியருக்கு வணக்கம்,

டிவி பாக்குற பழக்கம் பத்தின கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஜனங்க எவ்ளோ நேரம் பாக்குறாங்கங்கிறதோட நிறுத்திட்டீங்களே சார், பாத்ததை ஆளாளுக்கு எப்படிப் புரிஞ்சுக்கிறாங்கன்னு சொல்லலையே. 1980கள்ல எலிஹு காட்ஸ், தமார் லீப்ஸ்ங்கிற ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க 'டல்லாஸ்'ங்கிற அமெரிக்க சீரியலை இஸ்ரேல்ல பல இனத்து ஆளுங்களைப் பாக்க வச்சு, கதையைச் சொல்லுங்கன்னு கேட்டாங்க. அரபுக்காரங்க குடும்பச் சண்டைய வரிசையா சொன்னாங்க, ரஷ்யாலேர்ந்து வந்தவங்களோ இதுல என்ன கருத்தைத் திணிக்கிறாங்கன்னு தோண்டுனாங்க. இதுக்கு அவ்ளோ தூரம் போவானேன், தாராவி 90 அடி ரோட்டுக்கே வரலாம், எங்க வீட்ல மருமக அழற சீன் வந்தா எங்கம்மா கண்ணத் தொடைக்கிறாங்க, மராத்தி ஸ்கூல்ல படிக்கிற எம் பொண்ணு "ஏன் ஆச்சி இவ போலீஸுக்குப் போன் பண்ணல"ங்குது. ஆராய்ச்சிக்காரங்க யாராச்சும் வந்தா டீ நம்ம செலவு.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தாராவி, மும்பை